பேக்கப் பெட்டியின் சிஸ்டம் செட்டிங்: திருகோணமலை அலுவலகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் இப்போது சின்ன அலுவலகங்களிலும் பேக்கப் பெட்டி வந்துவிட்டது. கணினிக் கோப்புகளின் பிரதியை நெட்வர்க் வழியாகச் சேமித்து வைக்கும் கருவி அது. கணக்காளர் அலுவலகம், தனியார் கிளினிக், ஸ்டூடியோ, உப்புவெளி நிலாவெளிப் பக்கத்து விடுதிகள் என்று பல இடங்களில் இரண்டு அல்லது நான்கு டிஸ்க் போட்ட பெட்டி ஒன்று மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். வாங்கும்போது எல்லோரும் கேட்பது எத்தனை டெராபைட் என்பதைத்தான். டிஸ்கைப் போட்டு, ஒரு ஷெயார் போல்டரைத் திறந்து, கோப்புகளை இழுத்துப் போட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். சிஸ்டம் செட்டிங் பக்கத்தை அதற்குப் பிறகு யாரும் திறப்பதில்லை. ஆபத்து வரும் நாளில் தரவு திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பக்கம்தான்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு போகிறேன். அலுவலகக் கணினிகளுக்கு ஒன்று நடந்தால், அதே விஷயம் இந்தப் பெட்டிக்கும் நடக்குமா? வைரஸ், மின்னல், வெள்ளம், கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போன ஊழியர், எதுவாக இருந்தாலும் சரி. நடக்கும் என்றால் அந்த செட்டிங்கை மாற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்வியை நீங்களே கேட்டுப் பாருங்கள். நான் சொல்லாத ஒரு செட்டிங் உங்கள் பெட்டியில் இருந்தாலும் முடிவெடுக்க முடியும்.

பெட்டி சினாலஜி, கியூநேப், ட்ரூநாஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். மெனுவில் சொற்கள் மாறும், விஷயம் மாறாது. கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்யுங்கள். நேரம் சரியில்லாவிட்டால், பாஸ்வேர்டோடு கைத்தொலைபேசிக் குறியையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு வேலை செய்யாது. நெட்வர்க் சரியில்லாவிட்டால் எச்சரிக்கை மின்னஞ்சல் வெளியே போகாது.

படி 1: பெட்டிக்கு இடம்

இது செட்டிங் பக்கத்தில் வராத விஷயம், ஆனாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர் இது. உட்துறைமுக வீதியிலோ டொக்யார்ட் வீதியிலோ இருக்கும் ஒரு அலுவலகத்தில் ஜன்னலோரம் வைத்த நெட்வர்க் கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுத் தங்கநிறத் தகடுகளில் ஒன்றிரண்டின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருக்கும். உப்புக் காற்று செய்யும் வேலை அது. கிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். ஒரு தகடு அரித்துப்போனால் பல நேரம் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். ஒரு டெராபைட் பேக்கப் இரண்டரை மணித்தியாலத்தில் முடிய வேண்டியது, முழு நாளையும் தாண்டிப் போகும். அதனால் பெட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்த பிறகு, கேபிள் முனைகளைப் பாருங்கள்.

நிலத்தில் வைக்க வேண்டாம். மாரியில் கடைக்குள் தண்ணீர் வருவது இங்கே புதிதில்லை. மேசை உயரத்துக்கு மேல் ஒரு தட்டு, பின்பக்கம் காற்று போக ஒரு சாண் இடைவெளி, அவ்வளவு போதும். முடிந்தால் சேவர் கணினி இருக்கும் அறையில் வைக்காமல் வேறு அறையில் வையுங்கள். கச்சான் வீசும் ஜூன், ஜூலையில் பூட்டிய அறை அடுப்பாகிவிடும். பெட்டியின் ஹார்ட்வெயார் பக்கத்தில் மின்விசிறியை ‘அமைதி’ என்ற நிலையில் விடாமல் ‘குளிர்ச்சி’ என்ற நிலைக்கு மாற்றுங்கள். டிஸ்க் வெப்பம் 50 பாகையைத் தொட்டால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள்.

படி 2: முதல் உள்நுழைவு

புதுப் பெட்டியை முதலில் அலுவலக நெட்வர்க்கில் பூட்டாமல், ஒரு மடிக்கணினியோடு நேரடியாக இணைத்துத் திறப்பது நல்லது. இணையத்தில் விடுவதற்கு முன் தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். அப்புறம் செய்ய வேண்டியவை: தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிய புதிய பேர்ம்வெயாரை (பெட்டியை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்றுங்கள். தரவு ஒன்றும் இல்லாத நேரத்தில் இதைச் செய்வதுதான் பயமில்லாதது. உங்களுக்கென்று புதுப் பெயரில் ஒரு நிர்வாகிக் கணக்கைத் திறந்து, அதில் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, ‘அட்மின்’ என்று ஏற்கெனவே இருக்கும் கணக்கை முடக்குங்கள். தானியங்கித் தாக்குதல்கள் பெரும்பாலும் முதலில் தட்டுவது அந்தப் பெயரைத்தான்.

பேர்ம்வெயார் புதுப்பித்தலில் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தானாக ஏற விடுங்கள். பெரிய பதிப்பு மாற்றத்தை நீங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: நேரம்

பலர் ஒரு நொடியில் கடந்துபோகும் பக்கம் இது. நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வதும் இதில்தான்.

நேரவலயப் பட்டியலில் கொழும்பு என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் கணினிகளில் அது ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற பெயரில் இருக்கும். சென்னையும் இதே ஐந்தரை மணித்தியால வித்தியாசம்தானே, அதைப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். இன்றைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இலங்கை 1996 மே மாதத்தில் நேரத்தை ஆறரை மணித்தியாலத்துக்கு மாற்றி, அதே வருடம் ஒக்டோபரில் ஆறாகக் குறைத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடத்துக் கோப்புகள் உங்களிடம் இருந்தால், கொழும்பு வலயத்தில்தான் அவற்றின் நேரம் சரியாகக் காட்டும். பழைய படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஸ்டூடியோக்களுக்கு இது முக்கியம்.

அடுத்தது, நேரத்தைக் கையால் போடாமல், இணையம் வழியாகச் சரியான நேரம் தரும் என்.டி.பி. சேவரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளரின் முகவரி ஒன்று ஏற்கெனவே இருக்கும், அதோடு என்.டி.பி. பூல் திட்டத்தின் முகவரியையும் இரண்டாவதாகச் சேருங்கள். ‘இப்போது புதுப்பி’ பொத்தானை அழுத்தி வெற்றி என்று வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பெரும்பாலும் டி.என்.எஸ். (இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) சரியில்லை, அல்லது நேரத் தகவல் வரும் வழியான யு.டி.பி. 123ஆம் போர்ட்டை ரவுட்டர் மறிக்கிறது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? இரட்டைச் சரிபார்ப்புக்கு உங்கள் கைத்தொலைபேசி காட்டும் ஆறிலக்கக் குறி 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். பெட்டியின் கடிகாரம் சில நிமிடம் பிசகினால் சரியான குறியைப் போட்டாலும் பெட்டி ஏற்காது. சொந்தப் பெட்டிக்கு வெளியே நிற்பீர்கள். இரவு ஒரு மணிக்கு வைத்த வேலை வேலைநேரத்தில் ஓடி, எல்லோருக்கும் நெட்வர்க்கை மந்தமாக்கும். பதிவேட்டில் ஒரு கோப்பு எப்போது அழிந்தது என்று தேடினால் பொய்யான நேரம் காட்டும். இன்னும் ஒன்று: அழிக்க முடியாத ஸ்னாப்ஷொட்டை (ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு) 14 நாளுக்குப் பூட்டி வைத்தால், அந்த 14 நாளை எண்ணுவது இந்தக் கடிகாரம். உள்ளே நுழைந்த ஒருவர் நேரத்தை முன்னே தள்ளிவிட முடிந்தால் சில பெட்டிகளில் பூட்டும் காலாவதியாகும். ஆகவே நேரத்தை மாற்றும் உரிமை ஒரே ஒரு நிர்வாகிக் கணக்குக்கு மட்டும் இருக்கட்டும். நேரம் மாற்றப்பட்டால் அறிவிப்பு வரும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள்.

படி 4: நெட்வர்க்

பெட்டிக்கு நிலையான ஐ.பி. முகவரி (நெட்வர்க்கில் அதன் அடையாள எண்) கொடுங்கள். ரவுட்டர் கொடுக்கும் முகவரியில் விட்டால், ஒரு மின்தடைக்குப் பிறகு முகவரி மாறி, எல்லாக் கணினிகளும் பேக்கப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கும். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, அது தானாகக் கொடுக்கும் எண்களின் எல்லையைப் பாருங்கள். உதாரணமாக 192.168.1.100 முதல் 200 வரை கொடுக்கிறது என்றால், பெட்டிக்கு 192.168.1.20 போடலாம். சப்நெட் 255.255.255.0, கேட்வே உங்கள் ரவுட்டரின் முகவரி. டி.என்.எஸ். இரண்டு போடுங்கள்: முதலாவது ரவுட்டர், இரண்டாவது 1.1.1.1 அல்லது 8.8.8.8.

பெட்டியின் பெயரை ‘பேக்கப்’ என்று வைக்க வேண்டாம். தீங்கு செய்யும் மென்பொருள் நெட்வர்க்கில் முதலில் தேடுவது அப்படிப்பட்ட பெயர்களைத்தான். பொருளில்லாத ஒரு பெயர் போதும்.

இரண்டு நெட்வர்க் போர்ட் இருந்தால் இரண்டையும் கட்டி வேகத்தை இரட்டிப்பாக்கலாம் என்று கடையில் சொல்வார்கள். சுவிட்சும் அதை ஆதரிக்க வேண்டும், ஒரே கணினியிலிருந்து வரும் பேக்கப்புக்கு அதனால் வேகம் கூடப்போவதும் இல்லை. எம்.டி.யு. அளவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொதியின் அளவை, 9000 ஆக்கும் வேலையும் அப்படித்தான். வழியில் உள்ள எல்லாக் கருவிகளிலும் ஒரே அளவு இல்லாவிட்டால் தொல்லைதான் மிச்சம். இரண்டையும் தொடாமல் விடுங்கள்.

இனி இந்தப் படியில் மிக முக்கியமானது. பெட்டியை இணையத்துக்கு நேரடியாகத் திறக்காதீர்கள். வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று ரவுட்டரில் போர்ட் திறந்து விடுவது, அல்லது யூ.பி.என்.பி. வசதியை விட்டுப் பெட்டியே தானாகத் திறக்க அனுமதிப்பது, இரண்டும் கூடாது. 2021 ஏப்ரலில் கியூலொக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று கியூநேப் பெட்டிகளைக் குறிவைத்த இரண்டு தாக்குதல்களிலும் மாட்டியவை இணையத்துக்குத் திறந்து கிடந்தவைதான். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் உலகம் முழுவதும் தொலைவிலிருந்தே வெறுமையாக்கப்பட்டன. சொந்தக்காரர்கள் ஒரு தவறான இணைப்பைக்கூட அழுத்தவில்லை. வெளியிலிருந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால் ரவுட்டரில் வி.பி.என். (இணையத்துக்குள் பூட்டிய ஒரு தனி வழி) போட்டு, அதன் வழியாக உள்ளே வாருங்கள். பெட்டியிலும் ரவுட்டரிலும் யூ.பி.என்.பி.யை நிறுத்திவிடுங்கள். நிர்வாகப் பக்கம் எச்.டி.டி.பி.எஸ். வழியாக மட்டும் திறக்கட்டும்.

விடுதிக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். விருந்தினருக்குக் கொடுக்கும் வைபையும் வரவேற்பு மேசைக் கணினியும் பேக்கப் பெட்டியும் ஒரே நெட்வர்க்கில் இருக்கக் கூடாது. நிலாவெளியில் ஒரு இரவு தங்க வந்தவரின் மடிக்கணினியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ரவுட்டரில் விருந்தினர் நெட்வர்க் என்று தனிப் பிரிவு இருக்கும். அதைப் போட்டு, ‘உள் நெட்வர்க்கைப் பார்க்க அனுமதி’ என்பதை நீக்குங்கள். பிறகு உங்கள் தொலைபேசியை அந்த வைபையில் இணைத்து, பெட்டியின் முகவரியை அடித்துப் பாருங்கள். திறக்கவே கூடாது.

படி 5: டிஸ்க்

ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு போகாதபடி பல டிஸ்குகளைச் சேர்த்து வைக்கும் முறைதான் ரெய்டு. இரண்டு டிஸ்க் என்றால் ரெய்டு 1. நான்கு என்றால் ரெய்டு 6ஐத்தான் சொல்வேன். 4 டெராபைட் டிஸ்க் நான்கில் ரெய்டு 5 உங்களுக்கு 12 டெராபைட் தரும், ரெய்டு 6 எட்டுத்தான் தரும். ஆனால் ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை டிஸ்குகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் களைக்கும். ஒன்று போய், புதியதைப் போட்டு மீள்கட்டும் நேரத்தில்தான் மற்றவற்றுக்கு வேலை அதிகம். அப்போது இரண்டாவது டிஸ்க் போனாலும் ரெய்டு 6 தாங்கும். டிஸ்க் வாங்கும்போது, எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாத சி.எம்.ஆர். வகையா என்று கேட்டு வாங்குங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படும் எஸ்.எம்.ஆர். வகை மீள்கட்டலில் தவழும்.

மாதம் ஒருமுறை முழு ஸ்கிரப் (சேமித்த தரவு முழுவதையும் படித்துச் சரிபார்ப்பது), வாரம் ஒருமுறை ஸ்மார்ட் குறுஞ்சோதனை (டிஸ்க் தன்னைத்தானே சோதிப்பது). இரண்டும் பேக்கப் நேரத்தோடு மோதாதபடி வையுங்கள். ரெய்டு என்பது டிஸ்க் பழுதுக்கு மட்டும்தான் மருந்து. தவறி அழித்த கோப்பை அது எல்லா டிஸ்கிலும் சேர்த்தே அழிக்கும்.

படி 6: யார் உள்ளே வரலாம்

இனி அந்தக் கேள்வியைக் கடுமையாகக் கேளுங்கள். அலுவலகக் கணினி ஒன்றில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் ஏறிவிட்டது. அந்தக் கணினியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு என்னென்ன செய்ய முடியுமோ, அதெல்லாம் அந்த மென்பொருளுக்கும் முடியும். அவருடைய கணினியில் பேக்கப் போல்டர் ‘இஸட்’ டிரைவ் என்று தெரிந்தால் அதுவும் போய்விடும்.

அதனால் பேக்கப் போல்டரை எந்தக் கணினியிலும் டிரைவாகப் பொருத்தி வைக்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் கழற்றுங்கள். பேக்கப்புக்கென்றே பெட்டியில் ஒரு கணக்கைத் திறந்து, அதன் பாஸ்வேர்டைப் பேக்கப் மென்பொருளுக்குள் மட்டும் போடுங்கள். அந்தக் கணக்குக்கு அந்த ஒரு போல்டரில் எழுதும் உரிமை மட்டும் இருக்கட்டும். நிர்வாகப் பக்கத்தைத் திறக்க முடியக் கூடாது. உங்கள் அலுவலகத்தில் டொமைன் (எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இருந்தால் பேக்கப் பெட்டியை அதில் சேர்க்க வேண்டாம். டொமைன் நிர்வாகியின் பாஸ்வேர்ட் திருட்டுப்போகும் நாளில் பெட்டியும் சேர்ந்து போகும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. கணினி பெட்டிக்குத் தள்ளாமல், பெட்டி கணினியிடமிருந்து இழுப்பது. சினாலஜியின் அக்டிவ் பேக்கப், அர்பேக்கப் போன்றவை இப்படிச் செய்யும்: கணினியில் ஏஜென்ட் என்ற ஒரு சின்ன மென்பொருள் இருக்கும், வேலையை நடத்துவதும் கோப்புகளை வைத்திருப்பதும் பெட்டி. கணினியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெட்டியில் உள்ள போல்டர் கண்ணுக்கே தெரியாது. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வழியிலேயே தொடங்குங்கள்.

கோப்புச் சேவைப் பக்கத்தில், நெட்வர்க்கில் கோப்பைப் பகிரும் முறையான எஸ்.எம்.பி.யின் குறைந்தபட்சப் பதிப்பை 2 அல்லது 3 என்று வையுங்கள். முதல் பதிப்பு முற்றாக மூடப்பட வேண்டும். 2017 மே மாதத்தில் வான்னாக்கிரை என்ற ரான்சம்வெயார் உலகைச் சுற்றி வந்தது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். பழைய ஸ்கேனர் ஒன்று அதனால் நின்றுவிடலாம். ஸ்கேனரை மின்னஞ்சல் வழியாக அனுப்ப வையுங்கள். அதற்காகக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். எப்.டி.பி., டெல்நெட் என்ற பழைய இணைப்பு முறைகள் நிறுத்தம். கட்டளைகளை அடித்துப் பெட்டியை இயக்கும் எஸ்.எஸ்.எச். தேவைப்படும்போது மட்டும். பத்துத் தடவை பிழையான பாஸ்வேர்ட் போட்டால் அந்த முகவரி மறிக்கப்படட்டும். நிர்வாகிக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம், தொலைபேசி கையில் இல்லாதபோது நுழைய உதவும் மீட்புக் குறிகளைத் தாளில் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஸ்னாப்ஷொட். தினமும் ஒன்று, அதில் 14 நாள் இருக்கட்டும். வாரத்துக்கு ஒன்று, 8 வாரம். மாதத்துக்கு ஒன்று, 12 மாதம். பெட்டி அனுமதித்தால் தினசரி ஸ்னாப்ஷொட்டை அழிக்க முடியாததாக்குங்கள். முதலில் 7 நாள் போட்டு, இடம் எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு 14 ஆக்குங்கள். பூட்டியதை நீங்களே நினைத்தாலும் இடையில் விடுவிக்க முடியாது; அந்த வசதியின் பலமே அதுதான்.

படி 7: எச்சரிக்கை

“தம்பி, பச்சை லைட் எரியுதுதானே, பிறகென்ன பயம்?” என்று ஒரு கிளினிக் பொறுப்பாளர் கேட்டார். “ஐயா, கரண்ட் வருது எண்டு மட்டும்தான் அந்த லைட் சொல்லுது” என்றேன். பதிவேட்டைத் திறந்தோம். கணினி ஒன்றை மாற்றியபோது பேக்கப் நின்றிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் ஒரே வரி, ‘இணைப்பு தோல்வி’ என்று, பக்கம் பக்கமாக. பெட்டி தன் கடமையைச் செய்து சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கேட்க ஆள் இல்லை.

அறிவிப்புப் பக்கத்தில் மின்னஞ்சலைப் போடுங்கள். ஜிமெயில் என்றால் 2022 மே மாத இறுதியிலிருந்து சாதாரணப் பாஸ்வேர்ட் இதற்குச் செல்லாது. கூகிள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்துள்ள செயலிப் பாஸ்வேர்ட் எடுத்து அதைப் போட வேண்டும். போர்ட் 587. இதற்கென்று தனி ஜிமெயில் கணக்கு ஒன்றைத் திறப்பது நல்லது. பெறுபவர் இரண்டு பேர் இருக்க வேண்டும்: ஒருவர் அலுவலகத்தில், மற்றவர் வெளியில். பிறகு சோதனை மின்னஞ்சல் பொத்தானை அழுத்தி, இரண்டு பேர் தொலைபேசியிலும் வந்ததா, ஸ்பாம் பெட்டிக்குள் போனதா என்று பாருங்கள்.

எதற்கெல்லாம் மின்னஞ்சல்? டிஸ்க் பழுது, ரெய்டு சிதைவு, வெப்பம், இடம் 80 சதவீதத்தைத் தாண்டுவது, யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாறுவது, பேக்கப் தோல்வி, நிர்வாகி உள்நுழைவு. தினம் இருபது அறிவிப்பு வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். வெற்றிச் செய்தியை வாரத்துக்கு ஒரு தொகுப்பாக வையுங்கள், திங்கள் காலை எட்டு மணிக்கு. அந்தத் திங்கள் மின்னஞ்சல் வராவிட்டால் அதுவே ஒரு எச்சரிக்கை. பெட்டி முற்றாகச் செத்துப்போனால் அதனால் மின்னஞ்சல் அனுப்ப முடியாதல்லவா? அதற்காகத்தான் தொலைபேசிக் காலண்டரில் திங்கள் காலை ஒன்பதுக்கு ‘பேக்கப் மெயில் வந்ததா’ என்று நினைவூட்டல் போடச் சொல்கிறேன்.

பீப் ஒலியை நிறுத்த வேண்டாம். காதுக்குத் தொல்லை என்று முதலில் நிறுத்துவது அதைத்தான்.

படி 8: மின்சாரம்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிறு, தீவு முழுக்க ஒரேயடியாகக் கரண்ட் போனது. பெரிய மின்வெட்டு இல்லாத வருடத்திலும் ஏப்ரல் மாதத்துப் பின்னேர இடிமழையும் ஒக்டோபர், நவம்பர் இடியும் இங்கே இருக்கவே இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க் பிழைத்தாலும் கோப்பு முறைமை குழம்பலாம்.

யூ.பி.எஸ். வாங்கும்போது யூ.எஸ்.பி. தொடர்புப் போர்ட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத யூ.பி.எஸ். பெட்டிக்கு ஒன்றும் சொல்லாது. பேட்டரி தீர்ந்ததும் பெட்டி விழும். யூ.எஸ்.பி. கேபிளை இணைத்து, மின்சாரப் பக்கத்தில் யூ.பி.எஸ். ஆதரவைப் போட்டால் பேட்டரியின் நிலை திரையில் தெரியும்.

எப்போது மூட வேண்டும் என்ற இடத்தில் ‘பேட்டரி குறையும்போது’ என்று விடாமல் ‘ஐந்து நிமிடத்துக்குப் பிறகு’ என்று போடுங்கள். ஈய அமிலப் பேட்டரி மூன்று வருடம் கடந்தால் 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விழலாம். ஐந்து நிமிடத்துக்குள் திரும்பாத கரண்ட் பெரும்பாலும் உடனே வராது, காத்திருந்து பயனில்லை.

‘மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கு’ என்பதைப் போடுங்கள். இல்லாவிட்டால் சனிக்கிழமை கரண்ட் போய் வந்த பெட்டி திங்கள் வரை அணைந்தே கிடக்கும். ஆனால் கரண்ட் வந்து, போய், மறுபடி வரும் அந்த முதல் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை. குறிப்பிட்ட அளவு பேட்டரி ஏறிய பிறகே மின்சாரம் கொடு என்ற வசதி யூ.பி.எஸ்.ஸில் இருந்தால் 40 சதவீதம் போடுங்கள். ரவுட்டரும் சுவிட்சும் அதே யூ.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். அவை அணைந்துவிட்டால் ‘கரண்ட் போய்விட்டது’ என்ற மின்னஞ்சல் வெளியே போகாது. பிரிண்டரை ஒருபோதும் அதில் செருகாதீர்கள்; லேசர் பிரிண்டர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தில் யூ.பி.எஸ். விழுந்துவிடும்.

எல்லாம் வைத்த பிறகு, பேக்கப் ஓடாத நேரத்தில், யூ.பி.எஸ். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் பெட்டி ஒழுங்காக அணைகிறதா, பிளக்கைத் திரும்பப் போட்டதும் எழும்புகிறதா, இரண்டு மின்னஞ்சலும் வந்தனவா என்று பாருங்கள்.

படி 9: ஊருக்கு வெளியே ஒரு பிரதி

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டிய திகதி இல்லை. கிண்ணியாவிலிருந்து நிலாவெளி வரை கரையோரத்தில் பல இடங்களில் கணக்குப் புத்தகம், காணி உறுதி, குடும்பப் படம் என்று எதுவும் மிஞ்சவில்லை. ஒரே கட்டடத்தில் எத்தனை பிரதி வைத்தாலும் அது ஒரு பிரதிதான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று பேக்கப் செய்பவர்கள் சொல்லும் விதி அதனால்தான் வந்தது.

மேகச் சேமிப்புக்கு (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் இடம்) அனுப்புவதற்கு முன் உங்கள் பதிவேற்ற வேகத்தைக் கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 10 மெகாபிட் என்றால் 100 கிகாபைட் போக ஏறக்குறைய 22 மணித்தியாலம். கணக்காளர் அலுவலகத்துக்கு இது போதும். தினமும் மாறுவது கொஞ்சம்தான். திருமணப் படமும் வீடியோவும் எடுக்கும் ஸ்டூடியோவுக்குப் போதாது. அவர்களுக்கு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்: ஒன்று பெட்டியில், ஒன்று வேறு இடத்தில், வெள்ளிக்கிழமைதோறும் மாற்றுவது. அலுவலகம் டொக்யார்ட் வீதியில் என்றால் உவர்மலையில் இருக்கும் வீடு ஒரு நல்ல தொடக்கம். வவுனியாவிலோ கண்டியிலோ நம்பிக்கையான உறவினர் இருந்தால் மாதம் ஒரு டிஸ்க் அங்கேயும் போகட்டும். பதிவேற்றத்துக்கு வேக எல்லை போடும் இடம் பேக்கப் வேலையின் செட்டிங்கில் இருக்கும்: பகலில் 2 மெகாபிட், இரவில் முழு வேகம்.

வெளியே போகும் எதுவும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். நோயாளிகளின் விபரம் வைத்திருக்கும் கிளினிக்குகள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைக்க வேண்டும். குறியாக்கத்தைப் பெட்டியின் போல்டரில் போடுவதா, பேக்கப் வேலையில் போடுவதா? போல்டரில் போட்டுச் சாவியைப் பெட்டியிலேயே சேமித்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் சாவியையும் கொண்டுபோகிறார். சாவியைச் சேமிக்காவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் யாராவது வந்து திறந்துவிட வேண்டும். பேக்கப் வேலையில் போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை; பெட்டிக்கு வருவதே பூட்டிய பொதியாக வரும். நான் அதையே சொல்வேன்.

படி 10: செட்டிங்கையே பேக்கப் எடுப்பது, மீட்டுப் பார்ப்பது

இவ்வளவும் செய்த செட்டிங் பெட்டிக்குள் மட்டும் இருந்தால், பெட்டி போகும் நாளில் அதுவும் போகும். கட்டமைப்பை, அதாவது இந்த செட்டிங் எல்லாவற்றையும், ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்யும் பொத்தான் பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது. அந்தக் கோப்பை இறக்கி, வெளி டிஸ்கிலும் இன்னொரு இடத்திலும் வையுங்கள். கூடவே ஒரு தாள்: பெட்டியின் மாதிரி, ஐ.பி. முகவரி, டிஸ்குகளின் ஒழுங்கு, நிர்வாகிப் பெயர், குறியாக்கச் சாவி, இரட்டைச் சரிபார்ப்பின் மீட்புக் குறிகள். கையால் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, உரிமையாளரின் வீட்டு அலுமாரியில் வையுங்கள். பெட்டி இருக்கும் கட்டடத்தில் அந்த உறை இருக்கக் கூடாது.

பிறகு மீட்டுப் பாருங்கள். பேக்கப்பை எடுத்த கணினியில் செய்ய வேண்டாம், வேறொரு மடிக்கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதத்துக் கணக்குக் கோப்பு ஒன்று, ஒரு பழைய படம், ஒரு முழு போல்டர் என்று மூன்றை மீட்டு, திறந்து, உள்ளே உள்ள எண்ணையும் படத்தையும் பார்த்துச் சரிபாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதோடு நிற்காதீர்கள். அப்புறம் ஒட்டிய உறையைப் பிரித்து, அந்தத் தாளில் உள்ளதை மட்டும் வைத்து, உங்களைத் தவிர வேறொருவரால் வெளி டிஸ்கிலிருந்து ஒரு கோப்பை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் தாளில் இன்னொரு வரி எழுத வேண்டும். எழுதி, திகதி போட்டு, உறையைத் திரும்ப ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பேர்ம்வெயார் பெரிய பதிப்பு மாறிய பிறகும், இந்தப் பத்தாவது படியை மட்டும் மறுபடி செய்தால் போதும்.